செக்கிங் டேபிளிலிருந்து ரீல்ஸ் பார்ப்பது

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அதாவது தைத்து வந்ததில் குறை பார்த்துத் தள்ளும் வேலை, பார்க்கிறவளுக்கு ஒரு தொல்லை உண்டு. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் சட்டையின் தோள்பட்டைத் தையல்தான் கண்ணில் படும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எதிர் வரிசைக்காரரின் கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றின பட்டை) தளர்ந்திருப்பது தெரிந்துவிடும். ரீல்ஸ் பார்க்கும்போதும் அதே கதைதான். பேசுகிறவர் பேச்சு பாதிதான் காதில் விழும். கையில் தூக்கிக் காட்டுகிறாரே, அந்தத் துணி எப்படித் தொங்குகிறது என்பதுதான் மனசில் நிற்கும்.

திருப்பூரில் எங்கள் செக்ஷனில் மத்தியானம் டிபன் பாக்ஸோடு போனும் திறக்கும். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது பவர் டேபிள் (தையல் மிஷின் வரிசை) பக்கம் இருந்த பிள்ளைகள் எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்துவிட்டது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் வந்தது. அதை முதலில் சோதித்துப் பார்த்ததே இந்தியாவில்தான். ஆடினவர்கள் அங்கே குடிபோனார்கள். அன்றைக்கு ஆடினவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு ஏதாவது விற்கிறார்கள்: டீ-சர்ட், சேலை, தண்ணி பாட்டில், சுவரில் ஒட்டும் கொக்கி. சிரிப்புக்காக உள்ளே போனவர்கள் கையில் பார்சலோடு வெளியே வருவது இப்படித்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வீடியோ. எனக்குப் பிடித்தவற்றில் எல்லாம் வேலை செய்கிற கை தெரியும். வில்லேஜ் குக்கிங் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டைப் பக்கம் சின்ன வீரமங்கலத்துக்காரர்கள், நம்ம கொங்குக்காரர்கள் இல்லை. 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள்; தமிழில் அந்த அளவைத் தொட்ட முதல் சேனல் அதுதான். அதில் யாரும் கேமராவைப் பார்த்து உபதேசம் செய்வதில்லை. வெங்காயம் உரிப்பது, அம்மியில் அரைப்பது, விறகு தள்ளுவது என்று வேலையைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

நம்ம பக்கத்திலும் ரசிக்க நிறைய இருக்கிறது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்கு வரும் குதிரைகளைப் பத்துப் பேர் பத்து விதமாக எடுத்துப் போடுகிறார்கள். காங்கேயம் காளை வீடியோக்கள் தனி ரகம். மாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட அந்தத் திமிலைப் பார்த்தால் விரலை நிறுத்துவார்கள். ஈரோட்டு மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டு டிரம்மில் உருட்டிப் பாலிஷ் போடுவதை அரை மணி நேரம் என்றாலும் பார்க்கலாம். இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழியும் ஆத்தாக்கள், கோயமுத்தூர் குசும்பில் மாமியார் மருமகள் சண்டையை நடித்துக் காட்டும் பையன்கள் என்று பட்டியல் நீளும். குசும்பு வீடியோவில் மட்டும் ஒரு குறை. ‘ங்க’ போட்டால் கொங்குப் பேச்சு ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டு எல்லாச் சொல்லிலும் அதை ஒட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நம்ம ஊரில் கோபம் தலைக்கு ஏறினவனும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவான், உண்மைதான். அதுக்காக நாய்க்கும் பூனைக்குமா போடுவோம்?

இனி வாங்குகிற சமாச்சாரம். இப்போது வீடியோவில் அதிகம் விற்பது ஓவர்சைஸ் டீ-சர்ட். எல்லோரும் சொல்லும் மந்திரம் ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் நிற்கிறது என்பதுதான் அது. எங்கள் கம்பெனியில் துணி வந்து இறங்கினதும் முதலில் வட்டம் வெட்டுவோம். கைப்பிடி போட்ட வட்டக் கட்டரைத் துணி மேல் வைத்து, அமுக்கி ஒரு திருப்பு திருப்பினால் 100 சதுர சென்டிமீட்டரில் ஒரு துண்டு கழன்று வரும். விளிம்பு பிசிறில்லாமல் அப்பளம் கணக்காக இருக்கும். பக்கத்துச் சின்னத் தராசில் வைத்தால் 1.80 கிராம் காட்ட வேண்டும். காட்டினால் அது 180 ஜி.எஸ்.எம். துணி. 1.65 காட்டினால் துணி அனுப்பினவருக்கு உடனே போன் போகும்.

வீட்டில் கட்டர் இருக்காது; மளிகைக் கடைத் தராசு போதும். டீ-சர்ட்டை விரித்து நீளமும் அகலமும் அளந்துகொள்ளுங்கள். நீளம் 70 சென்டிமீட்டர், அகலம் 52 என்றால் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து 0.73 சதுர மீட்டர். இரண்டு கைக்கும் சேர்த்து 0.15. ஆக மொத்தம் 0.88. துணி 180 ஜி.எஸ்.எம். என்றால் சட்டை 158 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். 125 கிராம்தான் நிற்கிறது என்றால் அந்தத் துணி 140-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

எங்கள் சின்னம்மா பையன் கோயமுத்தூரில் காலேஜ் படிக்கிறான். ஒரு நாள் போன் போட்டான்.

“அக்கா, 240 ஜி.எஸ்.எம்.முனு போட்டிருக்கானுங்க. வாங்கட்டுங்களா?”

“வாங்கு கண்ணு. வந்ததும் தராசுல வெச்சுப் பாத்துட்டுச் சொல்லு.”

ஓவர்சைஸ் என்பதால் மொத்தத் துணி ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வந்தது. 250 கிராம் நிற்க வேண்டியது, 190 நின்றது. கணக்குப் போட்டால் துணி 180 ஜி.எஸ்.எம். “திருப்பி அனுப்பீருடா” என்றேன். “டிசைன் நல்லாருக்குதுங்கக்கா” என்று போட்டுக்கொண்டு திரிகிறான். அவன் காசு, அவன் உடம்பு. சித்திரை வெயிலில் 180-தான் அவனுக்கு நல்லது என்பது வேறு விஷயம். கனமான துணி உசத்தி, லேசான துணி மட்டம் என்று வீடியோக்காரர்கள் கிளப்பிவிட்ட நினைப்பை நான் ஏற்பதில்லை. நம்ம ஊர் வெயிலுக்கு 160-லிருந்து 180 வரை உள்ள சிங்கிள் ஜெர்சி (சாதாரண டீ-சர்ட் பின்னல் துணி) போதும். சொன்ன எடையும் வந்த எடையும் ஒன்றாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எடைக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது பக்கத் தையல். இரண்டு துவைப்புக்குப் பிறகு இடுப்புப் பக்கத் தையல் வயிற்றுக்குத் திரும்பி வருகிற டீ-சர்ட் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்கும். நூலின் முறுக்கு சரியாக அடங்காத துணியிலும், கோணலாக வெட்டின பீஸிலும் இது வரும். புதுசிலேயே கண்டுபிடிக்கலாம். பின்னலின் நேர்க்கோடுகள் மேலிருந்து கீழே ஓடுகிறதைக் கூர்ந்து பாருங்கள். அந்தக் கோடு அடித்தையல் கிட்டே வரும்போது பக்கத் தையலை விட்டுச் சாய்ந்து போனால், துவைத்ததும் சட்டை திருகிக்கொள்ளும். கழுத்து ரிப்பை இரண்டு கட்டைவிரலால் இழுத்து விட்டால் பழைய அளவுக்கு உடனே திரும்ப வேண்டும். சட்டையைப் புரட்டிப் பின்கழுத்தைப் பாருங்கள். தையலை மூடி டேப் வைத்திருந்தால் தைத்தவர் அக்கறையோடு தைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பயோவாஷ் என்று போட்டிருந்தால், என்சைம் கொண்டு மேலே நீட்டும் பிசிறைக் கழித்த துணி. அது நல்லதுதான், உருண்டை உருண்டையாகப் பொங்குவது குறையும். ஆனால் போட்டிருப்பதெல்லாம் செய்திருப்பது ஆகாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், வழுவழுப்பு தெரியும்.

‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ வீடியோக்களைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். சர்ப்ளஸ் என்பது உண்மையில் இருக்கிறது. டேமேஜ் போக எண்ணிக்கை குறையக் கூடாது என்று ஆர்டரை விடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டுவார்கள். எல்லாம் நன்றாக வந்துவிட்டால் மிச்சம் நிற்கும். ஆர்டர் கேன்சல் ஆனாலும் நிற்கும். அந்த மிச்சம் வியாபாரிகள் கைக்குப் போய், ஸ்டேஷன் பக்கத்திலிருக்கும் காதர்பேட்டைக் கடைகளுக்கு வரும். இப்படி வருகிறதில் எல்லாச் சைஸும் இருக்காது. எஸ் நாலு, டபுள் எக்ஸ்எல் ஒன்பது, நடுவில் ஒன்றுமே இல்லை என்று ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும். லேபிளைப் பாதி வெட்டியிருப்பார்கள், இல்லையென்றால் மையால் கோடு போட்டிருப்பார்கள். எட்டு கலர், எல்லாச் சைஸ், போன மாதமும் இருந்தது, இந்த மாதமும் இருக்கிறது என்று ஒருவர் விற்றால் அது சர்ப்ளஸ் இல்லை. அந்தப் பெயரில் விற்பதற்கென்றே தைத்த சரக்கு. துணி நன்றாக இருந்தால் அதையும் வாங்கலாம். பிராண்டின் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். செகண்ட்ஸ் வேறு. சின்ன ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று எங்களைப் போன்றவர்கள் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளினவை. வீட்டுக்குப் போட்டுக்கொள்ளத் தாராளமாக வாங்கலாம், செகண்ட்ஸ் விலைக்கே கொடுத்தால்.

வீட்டு அலங்கார வீடியோக்களில் ஒன்றைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வெள்ளைச் சுவர், ஒரு செடித் தொட்டி, கீழே பட்டை பட்டையாகக் கலர் போட்ட விரிப்பு. அதற்கு வாயில் நுழையாத பெயரும் பல ஆயிரம் விலையும். எங்கள் அம்முச்சி வீட்டு அட்டாலியில் (பரணில்) அதே பட்டைகள் சுருட்டிக் கிடக்கின்றன. பவானி ஜமக்காளம். சீர், கல்யாணம், பஞ்சாயத்து, எழவு எதுவானாலும் ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) விரிவது அதுதான். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று அடுத்தடுத்து ஓடும் அந்தப் பட்டை இன்றைக்கு எந்த நவீன வீட்டிலும் பொருந்தும். பவானியில் குழித்தறியில் நெய்வதை வீடியோவில் தேடிப் பாருங்கள். தரையில் வெட்டின குழிக்குள் கால் மிதிக்கும், கை நாடாவைத் தள்ளும், பலகை வந்து குறுக்கே ஓடும் ஊடை நூலை அடித்து நெருக்கும். பின்னணி இசை போடாமல் தறிச் சத்தத்தை அப்படியே விட்ட வீடியோக்களைத் தேடுங்கள்.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஒன்றாக 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஜமக்காளம் இடம்பெற்றிருக்கிறது. விசைத்தறியில் அதை நெய்யக் கூடாது. ஆனாலும் வெளியூர் விசைத்தறிச் சரக்கு இதே பெயரில் மலிவாக விற்பது நெய்கிறவர்களின் தீராத வெசனம். வாங்கும்போது மடித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கைத்தறி ஜமக்காளம் விறைப்பாக, கனமாக நிற்கும்; இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், நல்ல பக்கம் கெட்ட பக்கம் என்று கிடையாது. சென்னிமலைப் பெட்ஷீட்டுக்கும் இதே யோசனைதான். வீடியோவில் மயங்கி ஆர்டர் போடுவதை விட மலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கும்போது நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில் கையால் தொட்டு வாங்கலாம். ஏப்ரன், டேபிள் விரிப்பு, சமையல்கட்டுத் துண்டு வகையறா என்றால் கரூர். அங்கே ஏற்றுமதிக்கென்று நெய்தவை உள்ளூர்க் கடைகளிலும் கிடைக்கும்.

சேலைக்கு வருகிறேன். லைவில் விற்கும் ‘சாஃப்ட் சில்க்’கில் பட்டு எவ்வளவு என்பதை விளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. பாலியெஸ்டரும் அந்த வெளிச்சத்தில் பட்டாகத்தான் மின்னும். முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலில் ஒன்றை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகின வாசம் வரும், சாம்பலை நசுக்கினால் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். பருத்தியோ விஸ்கோஸோ என்றால் காகிதம் எரிந்த வாசம். ஊடை நூலையும் நெடுக ஓடும் பாவு நூலையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று பட்டும் ஒன்று வேறாகவும் இருக்கலாம். கோவை கோரா சேலையில் பட்டும் பருத்தியும் கலந்துதான் இருக்கும். அது ஏமாற்று இல்லை, அந்த ரகமே அப்படி. சுத்தப் பட்டு என்று சொல்லி விற்றால் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டிக்கொண்டு பஸ் ஏறி வேலைக்குப் போக என்றால், என்னைக் கேட்டால் நெகமம் பருத்திச் சேலைதான். பொள்ளாச்சிப் பக்கத்துச் சரக்கு, இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. வெயிலுக்கு இதமாக இருக்கும்.

தண்ணி பாட்டில் வீடியோக்களில் காந்தத்தை ஒட்டிப் பார்த்து, “ஒட்டவில்லை, அதனால் 304 ஸ்டீல்”, அதாவது நல்ல ரகம், என்கிறார்கள். அது தப்பு. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்யும் 201 ஸ்டீலிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. காந்தத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. அடியில் அச்சடித்த கிரேடையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். காந்தம் காட்டுகிறவர் வீடியோவை நான் மேலே தள்ளிவிடுவேன்.

காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். வாங்கினால் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும் என்பது விதி. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. பணம், இலவசப் பொருள், ஓசி பயணம் எது வாங்கியிருந்தாலும் வீடியோவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். யூடியூப்பில் வீடியோ தொடங்கும்போது ஓரத்தில் வரும் விளம்பர அறிவிப்பைப் பலர் கவனிப்பதில்லை. காசு வாங்கினதைச் சொல்லிவிட்டுப் பேசுகிறவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அதுவும் ஒரு பிழைப்புதான். பிரித்த அன்றைக்குப் புகழ்வதைக் கணக்கில் எடுக்க மாட்டேன், துவைத்த பிறகு காட்டுகிறவரை நம்புவேன். “இன்னும் 2 பீஸ்தான்” என்று ஓடும் கடிகாரத்தையும் நம்பாதீர்கள். பொய்யாக அவசரம் காட்டுவதை, 2023 நவம்பரில் அரசு தடை செய்த 13 தந்திரங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

எங்கள் ஐயனிங் செக்ஷன் அக்கா ஒருவர் லைவில் சேலை பார்த்து, அங்கே சொன்ன நம்பருக்குப் பணம் போட்டார். மாம்பழக் கலர் கேட்டார், வந்தது வெளுத்த மஞ்சள். கேட்டதற்கு, “பார்சல் பிரிக்கும் வீடியோ இருக்குதுங்களா?” என்றார்கள். இல்லை என்றதும் பிளாக் செய்துவிட்டார்கள். புகார் கொடுக்கலாம் என்று பார்த்தால் கடைக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஜி.எஸ்.டி. நம்பர் இல்லை. யார்மேல் கொடுப்பது? அதனால் பணம் போடுவதற்கு முன்னால் முகவரி கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். பார்சலின் முகவரிச் சீட்டிலிருந்து ஆரம்பித்து, கட் பண்ணாமல், பொருளை வெளியே எடுத்து விரிப்பது வரை ஒரே வீடியோவாக எடுங்கள். மேஜைமேல் டம்ளரில் போனைச் சாய்த்து வைத்தால் போதும், ஆள் வேண்டாம்.

பெரிய தளங்களில் வாங்கினதில் தகராறு என்றால் நமக்குப் பிடிமானம் இருக்கிறது. 2020-இல் வந்த மின்வணிக விதிப்படி அவர்கள் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கே நடக்காவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. பொருளே வராமல் பணம் மட்டும் போனால் அது மோசடி; தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

விற்கிற வீடியோவே வந்து கொட்டினால், மூன்று புள்ளியைத் தொட்டு ஆர்வமில்லை என்று கொடுங்கள். விடாமல் வந்தால் அந்தச் சேனலையே பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்லலாம். யூடியூப்பில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து நிறுத்தி வைத்தால் முகப்புப் பக்கமே காலியாகிவிடும். எங்கள் வீட்டில் மாமியார் போனில் அப்படி வைத்திருக்கிறேன். அத்தைக்கு வேண்டியதை அத்தையே வாயால் சொல்லித் தேடுகிறார்: “கோலம்”, “மாடித்தோட்டம்”, “அந்தியூர் குதிரை”.

தீபாவளிக்கு ஈரோடு கனி மார்க்கெட் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அங்கே வாரச் சந்தை திங்கள் பொழுதோட (சாயங்காலம்) ஆரம்பித்துச் செவ்வாய் வரைக்கும் நடக்கும். ரீல்ஸில் பிடித்ததைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். அதே டிசைன், இல்லாவிட்டால் அதன் அண்ணன் தம்பி கட்டாயம் கிடைக்கும். மொத்த வியாபாரம் என்பதால் ஒரு பீஸ் கேட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய் ஒரு டஜனாகக் கேளுங்கள், விலையும் இறங்கும்.